ஜம்போவ எங்க போடணும், எங்க போடவே கூடாது

தைப்பூசத்துக்கு ரெண்டு வாரம் இருக்கறப்ப எங்க கடைல மூச்சு விட நேரம் இருக்காது, தண்ணீர்ப் பந்தல் பேனர், ஸ்பான்சர் பேரு போட்ட பந்திங் (நெட்டுக்குத்தா தொங்க விடற பேனர்), அன்னதான டோக்கன்னு வந்துகிட்டே இருக்கும். நான் மலேசியாவுல பினாங்கு லிட்டில் இந்தியா பக்கம் ஒரு பிரிண்டிங் கடைல டிசைன் வேலை பாக்குறேன். அப்படி ஒரு நாள்ல வழக்கமா வர்ற அண்ணன் ஒருத்தர் வாட்சப்ல துக்க பேனர் ஒன்னுக்கு வாசகம் அனுப்புனாரு, அவங்க சங்கத்தோட பழைய தலைவர் தவறிட்டாரு, நானும் படத்த வெட்டி மால வச்சு விளக்கு வச்சு அவர் அனுப்புனத அப்படியே ஒட்டி பிரிண்டுக்கு தட்டிட்டேன். 6 அடி பேனர். ஓரத்துல கயிறு கோக்கற ஐலெட் வளையம் அடிக்கும்போதுதான் எழுத்து கண்ல பட்டுச்சு, "எ ஜம்போ லாஸ் டு அவர் கம்யூனிட்டி"ன்னு போட்டிருக்கு.

போன் அடிச்சு "அண்ணே, ஜம்போ லாஸ்னா என்னண்ணே"ன்னு கேட்டேன். "பேரிழப்பு தங்கச்சி, பெரிய இழப்பு, ஜம்போன்னா பெருசுதானே"ன்னாரு. பெருசுதான், ஆனா அந்த பேனர தூக்கி செத்த வீட்டு வாசல்ல கட்டுனா இங்கிலீஷ் தெரிஞ்சவன் சிரிப்ப அடக்க முடியாம தலைய குனிஞ்சுக்குவான். படிக்காம அடிச்சது என் தப்பு, அதனால என் காசுல திருப்பி அடிச்சு குடுத்தேன். அன்னைலேர்ந்து யாரு ஜம்போன்னு எழுதிட்டு வந்தாலும் ஒரு நிமிஷம் நிறுத்தி கேட்டுட்டுதான் கை வைக்கிறது. அந்த ஒரு நிமிஷத்துல நான் என்ன பாக்குறேன்னுதான் இங்க எழுதுறேன், கடை வச்சிருக்கறவங்க, கட்டுரை எழுதற புள்ளைங்க, அறிவிப்பு போடற சங்கத்து ஆளுங்க யாருக்காச்சும் உதவும்.

மொதல்ல ஒன்ன புரிஞ்சுக்கணும், தமிழ்லயே பெருசுங்கறது ஒரே மாதிரி இல்ல. பேரிழப்பு, பேரன்பு, பேரரசு, பெருந்தலைவர்னு சொல்றப்ப வர்ற பெருசு ஒரு வகை, அதுல மரியாதை இருக்கு, கனம் இருக்கு, அத கையால தொட முடியாது. இன்னொரு பெருசு இருக்கு, யானைக்கால், ஆனைநெருஞ்சி, ஆனைப்புளி. அது உடம்பு பெருசு. ஸ்கூல் திடல்ல பொறுக்கி பாட்டில்ல போட்டு வைப்போமே செவப்பு சாகா கொட்ட, அதுக்கு தமிழ்ல என்ன பேருன்னு நெறய பேருக்கு தெரியாது, ஆனைக்குன்றிமணி. குன்றிமணி சின்னது, ஒரு பக்கம் கறுப்பு பொட்டு இருக்கும், இது அதவிட பெருசு, முழுசா செவப்பு, அதனால முன்னாடி ஒரு ஆனைய கட்டி விட்டுட்டாங்க. ஒரு பொருளுக்கு வழக்கமா ஒரு அளவு இருக்கு, இது அந்த அளவ தாண்டி நிக்குது, அதான் சேதி. ஜம்போ செய்யறதும் அச்சு அசலா இதே வேலைதான். ஜம்போ பார்க்குற இடத்துல மனசுக்குள்ள 'ஆனை'ய வச்சு பாருங்க, ஒட்டுச்சுன்னா அநேகமா சரி, 'பேர்' வச்சாதான் ஒட்டுதுன்னா ஜம்போவ எடுத்துடுங்க. ஆனையிழப்புன்னு யாராச்சும் சொல்வாங்களா?

இது சும்மா நான் வசதிக்கு கட்டுன கணக்கு இல்ல, ஜம்போவே ஒரு ஆனையோட பேருதான். 1820கள்லயே இங்கிலீஷ்காரன் கொச்சைப் பேச்சுல தடியா தள்ளாடி நடக்கற ஆளுக்கு ஜம்போன்னு சொல்லிகிட்டு இருந்தான், ஆனா அந்த வார்த்தைய உலகம் பூரா தூக்கிட்டு போனது ஒரு ஆப்பிரிக்க ஆண் ஆனை. குட்டியா புடிச்சு பாரிஸுக்கு கொண்டு வந்து, 1865ல லண்டன் ஜூவுக்கு மாத்துனாங்க, மேத்யூ ஸ்காட்னு ஒருத்தர்தான் பாகன். புள்ளைங்கள முதுகுல ஏத்திகிட்டு சுத்தி சுத்தி வந்து ஊரோட செல்லம் ஆயிடுச்சு. அப்புறம் 1882ல அமெரிக்காவுல சர்க்கஸ் நடத்துன பி.டி. பார்னம் அத 2,000 பவுண்டுக்கு, அதாவது அப்ப 10,000 டாலருக்கு, வாங்கிட்டாரு. லண்டன்ல பெரிய கூப்பாடு, விக்காதேன்னு புள்ளைங்க எல்லாம் ராணிக்கு லெட்டர் எழுதுச்சுங்க, ஒன்னும் நடக்கல, கப்பல் ஏத்திட்டாங்க.

பார்னம் சும்மா ஆள் இல்ல, விளம்பரத்துல எங்க தொழிலுக்கே முப்பாட்டன் மாதிரி. ஆனையோட ஒசரத்த ஏத்தி ஏத்தி சொல்லி, போற ஊர்லயெல்லாம் ஜம்போ ஜம்போன்னு போஸ்டர் அடிச்சு ஒட்டி, சாமான் விக்கறவன்லாம் பொட்டி மேல அந்த பேர போட ஆரம்பிச்சான். 1884ல நியூயார்க்குல புதுசா கட்டுன புரூக்ளின் பாலம் தாங்குமான்னு சனங்க பயந்தப்ப 21 ஆனைய அது மேல நடத்தி காட்டுனாரு, அதுல ஜம்போவும் ஒன்னு. அடுத்த வருஷமே, 1885 செப்டம்பர் 15, கனடாவுல செயின்ட் தாமஸ்ங்கற ஊர்ல சரக்கு ரயில் மோதி செத்துப் போச்சு. ஆனை இருந்தாலும் ஆயிரம் பொன் இறந்தாலும் ஆயிரம் பொன்னுன்னு நம்ம ஆளுங்க சொல்லி வச்சது பார்னத்துக்கு யாரு சொல்லி குடுத்தாங்களோ தெரியல, தோல தனியா பாடம் பண்ணி எலும்புக்கூட தனியா நிறுத்தி ரெண்டையும் காட்டி சம்பாதிச்சாரு. எலும்பு பின்னாடி நியூயார்க் மியூசியத்துக்கு போச்சு, தோலு டஃப்ட்ஸ் யுனிவர்சிட்டிக்கு போச்சு. 1975ல அங்க தீப்புடிச்சு தோலு எரிஞ்சப்ப ஒருத்தர் சாம்பல அள்ளி ஒரு பீனட் பட்டர் பாட்டில்ல போட்டு வச்சாரு. உலகத்துல பெருசுக்கெல்லாம் பேரு குடுத்த ஆனை கடைசில ரொட்டிக்கு தடவற பாட்டில்ல அடங்கிடுச்சு, இத கேட்டதுலேர்ந்து சூப்பர்மார்க்கெட்ல அந்த வரிசைய தாண்டுறப்பல்லாம் எனக்கு ஞாபகம் வரும்.

கதை போதும், வேலைக்கு வருவோம்.

ஜம்போ எப்பவும் பொருளுக்கு முன்னாடி நிக்கணும். ஜம்போ ப்ரான், ஜம்போ பேக், ஜம்போ சைஸ். "தி ரூம் இஸ் ஜம்போ"ன்னு கடைசில கொண்டு போய் வச்சா காதுக்கு கடிக்கும், அங்க ஹியூஜ் போதும். "வெரி ஜம்போ", "மோர் ஜம்போ" எல்லாம் கிடையாது, ஆனை ஒன்னு ஆனையா இருக்கும் இல்லன்னா இருக்காது, கொஞ்சம் ஆனைன்னு இல்ல. நம்மூர்ல வர்ற தப்பு வேற மாதிரி, மலாய்ல பொருள் மொதல்ல வரும் அளவு பின்னாடி வரும், ஊடாங் (இறால்) ஜம்போ, சைஸ் ஜம்போன்னு, அது மலாய்க்கு சரி. அத பாத்து பழகிட்டு இங்கிலீஷ் மெனுலயும் "ப்ரான் ஜம்போ", "பர்கர் ஜம்போ"ன்னு எழுதிட்டு வருவாங்க. நாசி கண்டார் சோத்துக் கடைக்காரர் ஒருத்தர் மெனு போர்டுல இப்படி ஏழெட்டு வரி இருந்துச்சு, நான் மாத்தவான்னு கேட்டேன், "இருபது வருஷமா இப்படித்தான் இருக்கு தங்கச்சி, இறால் பெருசா இருக்கா இல்லயான்னுதான் பாப்பாங்க"ன்னாரு, அதுவும் சரிதான்னு விட்டுட்டேன். நீங்க இங்கிலீஷ்ல எழுதறப்ப மலாய மறந்துட்டு தமிழ்ல யோசிங்க, பெரிய இறால், ஆனைப்புளி, எல்லாத்துலயும் அளவு முன்னாடிதான் வருது, இங்கிலீஷும் அதே வரிசைதான்.

இன்னொன்னு, ஜம்போன்னு சொல்லணும்னா பக்கத்துல சின்னது ஒன்னு இருக்கணும். சாதா பாக்கெட் இருக்கறதாலதான் ஜம்போ பாக்கெட். இறால்ல சின்னது நடுத்தரம் இருக்கு, அதனால ஜம்போ. மலைய ஜம்போ மலைன்னு சொல்றதில்ல, கடல ஜம்போ கடல்னு சொல்றதில்ல, மலைக்கு சாதா பாக்கெட் அளவு ஏது. பத்துமலை முருகன் சிலை 42.7 மீட்டர், அதக் கூட ஜம்போ ஸ்டாச்சூன்னு எழுதாதீங்க, அங்க கொலோசல் எழுதலாம், அந்த வார்த்தை வந்ததே பெரிய சிலைய சொல்ற கிரேக்க வார்த்தைலேர்ந்துதான், ரோட்ஸ் தீவுல நின்ன பெரிய சிலைக்கும் அதே பேருதான், சாமி சிலைக்கு பொருத்தம். சாமிக்கு முன்னாடி பாக்கெட் வார்த்தைய வைக்கறது எனக்கு புடிக்கல, அவ்வளவுதான்.

கடைல ஜம்போன்னு போட்டா இவ்வளவு எடை இருக்கணும்னு சட்டம் இருக்கான்னு ஒரு தம்பி கேட்டான். அமெரிக்காவுல முட்டைக்கு இருக்கு, ஒரு டஜன் கொறஞ்சது 30 அவுன்ஸ், கிட்டத்தட்ட 850 கிராம், இருந்தாதான் ஜம்போன்னு ஒட்டலாம், நம்மூர் முட்டைல ஏ பி சின்னு போயிடறதால அந்த வம்பே இல்ல. அங்கயே இறாலுக்கு அப்படி இல்ல, பவுண்டுக்கு எத்தன இறால் நிக்குதுங்கற எண்தான் வியாபார கணக்கு, ஜம்போங்கறது கடைக்காரர் இஷ்டம். அங்க வீட்டுக் கடன்ல ஜம்போ லோன்னு ஒன்னும் இருக்கு, அரசாங்கம் வருஷா வருஷம் ஒரு வரம்பு வைக்கும், 2025ல பெரும்பாலான ஊர்ல 806,500 டாலர், அத தாண்டி வாங்குனா அது ஜம்போ. பாருங்க, இங்கயும் ஒரு சாதா அளவு இருந்து அத தாண்டுனாதான் அந்த பேரு, மலைக்கு சொன்ன அதே கதைதான்.

ஏரோப்ளேனுக்கு வந்த கதையும் அதுவே. போயிங் 747, 1969 பிப்ரவரி 9 மொத தடவ பறந்துச்சு, அடுத்த வருஷம் ஜனவரி 22ல பான் ஆம்ங்கற அமெரிக்க ஏர்லைன்ஸ் நியூயார்க்லேர்ந்து லண்டனுக்கு ஆள ஏத்திட்டு போச்சு, அதுவரைக்கும் சனங்க பாத்த ப்ளேன் பக்கத்துல இத நிறுத்துனா ஆட்டுக்குட்டி பக்கத்துல ஆனைதான். ஜம்போ ஜெட்னு பேரு ஒட்டிகிச்சு, மொத்தம் 1,574 கட்டி கடைசி ஒன்ன 2023 ஜனவரில குடுத்துட்டு நிறுத்திட்டாங்க. எங்க மாமா காலத்துல எம்ஏஎஸ் (மலேசியா ஏர்லைன்ஸ்) ஜம்போல ஏறுனேன்னு சொல்றதே ஒரு கெத்து. பின்னாடி அதவிட பெருசா ஏர்பஸ் ஏ380 வந்ததும் அதுக்கு சூப்பர்ஜம்போன்னு பேரு வச்சாங்க, வெரி ஜம்போன்னு வைக்கல பாத்தீங்களா.

பேப்பர் படிக்கறப்ப ஒன்னு கவனிங்க, இந்தியா இங்கிலீஷ் பேப்பர்ல தலைப்புல ஜம்போன்னு இருந்தா பாதி நேரம் நிஜமாவே காட்டு ஆனைதான், ஊருக்குள்ள வந்துச்சு, தோட்டத்த மிதிச்சுச்சுன்னு சேதி இருக்கும். தமிழ்நாட்டு பேப்பர்ல ஜம்போ அமைச்சரவைன்னு வந்தா மந்திரிங்க எண்ணிக்கை ஜாஸ்தின்னு குத்தி காட்டறது, அது பாராட்டு இல்ல. இந்தியாவுல இந்த தொல்லை தாங்காமதான் 2003ல சட்டத்த திருத்தி, சபையோட மொத்த உறுப்பினர்ல 15 சதவீதத்துக்கு மேல மந்திரி கூடாதுன்னு வச்சாங்க.

ஆளுங்களுக்கு ஜம்போ சொல்லலாமா? கிரிக்கெட்ல அனில் கும்ப்ளேக்கு ஜம்போன்னு செல்லப்பேரு, 1999ல டெல்லில பாகிஸ்தான் கூட ஒரே இன்னிங்ஸ்ல 10 விக்கெட்டும் எடுத்த மனுசன், அவர அப்படி கூப்டா பாசம். அதே வார்த்தைய பக்கத்து வீட்டு புள்ளைய பாத்து சொன்னா அது அவ உடம்ப பத்தின நக்கல், வெளையாட்டுக்குக் கூட வேணாம். துணிக்கடை பேனர்ல "ஜம்போ லேடீஸ் சைஸ்"னு ஒரு தடவ கேட்டாங்க, நான் "ப்ளஸ் சைஸ்"னு போடுங்கக்கான்னு சொன்னேன், லேடீஸ்க்கு முன்னாடி ஜம்போ இருந்தா யாரு கடைக்குள்ள வருவா.

மம்போ ஜம்போன்னு ஒன்னு இருக்கே, அதுக்கும் பெருசுக்கும் சம்பந்தமே இல்ல. அர்த்தமில்லாத பேச்சு, புரியாம முணுமுணுக்கற மந்திரம்னு இளக்காரமா சொல்றது, 1700கள்லயே ஐரோப்பாக்காரன் ஆப்பிரிக்கா பயணக் கதைல எழுதிட்டான், ஆனைக்கு ரொம்ப முன்னாடி. அடுத்தவங்க பூஜைய பத்தி பேசறப்ப இந்த வார்த்தை வாய்ல வரக்கூடாது, சண்டை வந்துரும். ஒரு காவடி குரூப் டீசர்ட்டுக்கு டிசைன் கேட்டு வந்த தம்பி ஜாலியா இருக்கட்டும்னு "மம்போ ஜம்போ பாய்ஸ்"னு எழுதிட்டு வந்தான், பெரிய காவடின்னு நெனச்சிருக்கான் பாவம். அர்த்தத்த சொன்னதும் மூஞ்சி வெளுத்துருச்சு.

சரி, ஜம்போ இல்லன்னா வேற எத போடறது. எல்லாத்தையும் சொல்லப்போறதில்ல, கடைக்கு அடிக்கடி வர்றத மட்டும் சொல்றேன். மேமத் இருக்கே, அதுவும் ஒரு ஆனைதான், மயிர் மொளச்ச, அழிஞ்சு போன பழைய ஆனை. அமெரிக்காவுல 1801ல பூமிலேர்ந்து தோண்டி எடுத்த எலும்ப காட்சிக்கு வச்சாங்க, ஊரே அதப்பத்தி பேசிச்சு, அதே நேரத்துல ஒரு ஊர்க்காரங்க பிரசிடென்ட் ஜெஃபர்சனுக்கு 1,235 பவுண்டுல ஒரே கட்டி சீஸ் பண்ணி 1802 புது வருஷத்துக்கு குடுத்தாங்க, அதுக்கு மேமத் சீஸ்னே பேரு. ஆக ரெண்டு வார்த்தையும் ஆனை வயித்துல பொறந்ததுதான், ஆனா வளந்த விதம் வேற. ஜம்போ கடைத்தெருவுல வளந்துச்சு, மேமத் வேலைக்கு போச்சு. மேமத் டாஸ்க், மேமத் ப்ராஜெக்ட்னு சொல்லலாம், முடிக்க வருஷக்கணக்கா ஆகும், நெறய பேரு தோள் குடுக்கணும்னு அர்த்தம் வரும். ஜம்போ டாஸ்க்னு யாரும் எழுதறதில்ல.

வொப்பிங்னா எண்ணு கூட வரணும். "எ வொப்பிங் 500 ரிங்கிட்", "எ வொப்பிங் 80 பெர்சென்ட்". நெனச்சத விட ஜாஸ்தி, அம்மாடியோன்னு வாய பொளக்கற மாதிரி, அவ்வளவுதான் அதோட வேலை. எண்ணு இல்லாம தனியா விட்டா தள்ளாடும். வொப்பர்னா அந்த பர்கர் நெனப்புதான் எல்லாருக்கும் வரும், 1957ல வந்தது, ஆனா வார்த்தை அதுக்கும் பழசு, பெரிய மீன் புடிச்சா வொப்பர்னு சொல்வாங்க, பெரிய பொய் சொன்னாலும் வொப்பர்தான். இது தமிழ்காரனுக்கு விளக்கவே வேணாம், நாம அண்டப்புளுகு ஆகாசப்புளுகுன்னு சொல்றோமே, பொய்க்கும் அளவு வச்சவங்க நாம. பார்னம் ஆனையோட ஒசரத்த சொன்னது கூட வொப்பர்தான், ஆனைய பத்தின வொப்பர். ஒருத்தர் கதை சொல்லி முடிச்சதும் "தட்ஸ் எ வொப்பர்"னு சொன்னீங்கன்னா நீங்க பாராட்டல, புளுகாதடான்னு சொல்றீங்க, மொதலாளிகிட்ட ஜாக்கிரதை.

ஜைனார்மஸ், ஹ்யூமங்கஸ் ரெண்டும் பேச்சு வார்த்தை, எஸ்பிஎம் (இங்க ஸ்கூல் முடிக்கறப்ப எழுதற பரீட்சை) கட்டுரைல வேணாம். ஜைனார்மஸ் ஜைகான்டிக்கையும் எனார்மஸையும் ஒட்டி வச்சது, ரெண்டாம் உலகப்போர் காலத்து பட்டாளத்து பேச்சு. புள்ளைங்க அதிகமா மாட்டற எடம் எனார்மிட்டி, எனார்மஸ்லேர்ந்து வந்ததால பெரிய அளவுன்னு அர்த்தம்னு நெனச்சு "தி எனார்மிட்டி ஆஃப் தி டெம்பிள்"னு எழுதிடுவாங்க, வாத்தியாருங்க நெறய பேருக்கு அது கொடூரம், மகா பாவம்னுதான் படும், கோயிலுக்கு பக்கத்துல வைக்கற வார்த்தையா அது. சைஸ்னு எழுதிட்டு போங்க, யாரும் அடிக்க மாட்டாங்க.

ஒரு சின்ன விஷயம், ஆனை வச்சு பாக்கற கணக்கு எல்லா எடத்துலயும் உதவாது. ஆனைப்பசின்னு நாம சொல்றோம், யானைப் பசிக்கு சோளப்பொரின்னு பழமொழியே இருக்கு, ஆனா ஜம்போ ஹங்கர்னு இங்கிலீஷ்ல வராது, ஐ அம் ஸ்டார்விங்னு போயிடணும். தொடற மாதிரி, பொட்டில அடைக்கற மாதிரி, எண்ணி விக்கற மாதிரி இருக்கற பொருளுக்குத்தான் கணக்கு நல்லா ஒட்டும். மலாய்க்காரங்க ராக்சாசான்னு சொல்றாங்களே, அது நம்ம ராட்சசன்தான், அவங்க அத மேமத் போற எடத்துக்கும் அனுப்பறாங்க, ப்ரோஜெக் ராக்சாசான்னு ஹைவேக்கு சொல்வாங்க. ஒவ்வொரு மொழியும் ஒரு பூதத்தையோ மிருகத்தையோ புடிச்சு வச்சுகிட்டுதான் பெருச அளக்குது.

அந்த துக்க பேனருக்கு கடைசில என்ன போட்டேன்னு கேப்பீங்க. "எ க்ரேட் லாஸ் டு அவர் கம்யூனிட்டி". க்ரேட்தான் நம்ம 'பேர்'க்கு கிட்ட வர்றது. அந்த அண்ணன் வந்து பாத்துட்டு நல்லாருக்குன்னு தலையாட்டிட்டு, போறப்ப திரும்பி, "ஆனா தங்கச்சி, தலைவரு ஆளு நல்லா ஜம்போதான்"னாரு, பேனர சுருட்டி கக்கத்துல வச்சுகிட்டு கண்ண தொடச்சிகிட்டே சிரிச்சாரு.